சந்துப் பக்கம் ஒரு கதவு

மழைக்காலம் வந்தால் ஏதாவது ஒரு மூலையில் வாளி வைக்க வேண்டியிருந்த வீடு நம் தலைமுறையில் எல்லோருக்கும் ஒன்று இருந்திருக்கும். சொட்டு விழும் ஓசையை வைத்தே வாளி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள் நாம். அந்த அறிவுக்கு இப்போது எந்தப் பயனும் இல்லை. இளையவர்களிடம் சொன்னால் அனுதாபத்தோடு பார்க்கிறார்கள். ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒழுகியது ஓர் அறை. பிற்காலத்தில் நான் அரசுக் கட்டடங்களில் எத்தனையோ ஒழுகல்களைப் போய்ப் பார்த்து, காரணம் எழுதி, மதிப்பீடு தயாரித்து, ஒப்பந்தப்புள்ளி கோரி, அதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டதால் கோப்பை மூடி வைத்த பொறியாளர். எல்லாம் முறைப்படிதான் செய்தேன். அந்த ஓர் அறையைப் பார்த்துக் காரணம் எழுதும்படி மட்டும் யாரும் என்னைக் கேட்கவில்லை. அது ஒழுகியபோது நான் நாலாம் வகுப்பில் இருந்தேன்.

பறக்கும் ரயில் தலைக்கு மேல் ஓடாத காலத்து மந்தைவெளி. பெரியப்பா குடும்பமும் எங்கள் குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை, என் அத்தை. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்தாள். கல்யாணம் அமையவில்லை என்று வீட்டில் சொல்வார்கள். அத்தை அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

அத்தைக்கு அந்த வீட்டில் இடம், கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த நடை. பகலில் அவள் படுக்கையைச் சுருட்டி, பெரியப்பாவின் மேசைக்கு அடியில் அவளுடைய டிரங்குப் பெட்டியின் மேல் வைத்துவிட வேண்டும். இரவில் யார் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். காலடி கேட்டதும் அத்தை தூக்கத்திலேயே காலை மடக்கிக்கொள்வாள். விழிக்கவே மாட்டாள். அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தால், கூடத்திலிருந்து பெரியப்பா விளக்கு கண்ணில் படுகிறது என்பார். உடனே அணைத்துவிடுவாள்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் சாப்பிட்டு எழுந்ததும், கொல்லையில் கிணற்றுக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கும் இடத்தில் தனக்கு ஓர் அறை வேண்டும் என்றாள். தன் சம்பளத்தில் கட்டிக்கொள்வதாகவும் சொன்னாள். அதில் பெரியப்பாவுக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. அறைக்கு ஒரு கதவு கொல்லைப் பக்கமும் இன்னொரு கதவு சந்துப் பக்கமும் வேண்டும் என்றபோதுதான் அவர் வெற்றிலையை மடிப்பதை நிறுத்தினார்.

"சந்துப் பக்கம் எதுக்குக் கதவு? அந்த வழியா யாரு வரப்போறா?"

"நான்தான் வருவேன், அண்ணா."

பெரியப்பா பாதி மடித்த வெற்றிலையைத் திரும்பப் பிரித்தார். அம்மா பாத்திரத்தைச் சற்று ஓசையோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்பா பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அப்பா முக்கியமான எல்லாச் சமயங்களிலும் பேப்பர் படித்தவர்.

அந்த வாரமே அத்தை லஸ் கடைத்தெருவில் பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கிவிட்டாள். கடைக்கால் தோண்டவில்லை, செங்கல் இறங்கவில்லை, தாழ்ப்பாள் வந்துவிட்டது. பள்ளிக்கூடப் பைக்குள் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தாள். முதலில் எனக்குத்தான் காட்டினாள். அதன் நாக்கை நகர்த்தினால் எண்ணெய் போட்டதுபோல் வழுக்கிக்கொண்டு போய் 'டக்' என்று நிற்கும். நான் திரும்பத் திரும்ப நகர்த்திப் பார்த்தேன். போதும், தேஞ்சுடும் என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

வேலை தொடங்கியது. மேஸ்திரி முளையடித்துக் கயிறு கட்டி, கயிற்றின் நிழலிலேயே சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார். கடப்பாரை இறங்கியது. மேலே கறுப்பு மண், அதற்கடியில் வீட்டின் பழைய சாம்பலும் உடைந்த பீங்கானும், அதற்கும் கீழே வெறும் மணல். மணலில் சிப்பி கிடந்தது. ஒரு காலத்தில் கடல் இங்கேதான் இருந்தது என்று அத்தை சொன்னாள். பூகோள டீச்சர் சொன்னால் நம்பத்தானே வேண்டும். மறுநாள் காலையில் பார்த்தால் பள்ளத்தின் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. மணலில் தோண்டினால் பக்கங்களுக்குப் பலகை கொடுத்து முட்டு நிறுத்த வேண்டும் என்று நான் பின்னால் படித்த புத்தகத்தில் ஓர் அத்தியாயமே இருந்தது. மேஸ்திரி அந்த அத்தியாயத்தைப் படிக்காதவர். எங்கள் குளியலறையின் பழைய கதவைக் கழற்றி மண்ணுக்கு அணை கொடுத்தார். கொஞ்ச நாள் நாங்கள் எல்லோரும் புடவை ஒன்றைத் திரையாகக் கட்டிக்கொண்டு குளித்தோம்.

பெரியப்பாவுக்குக் கான்கிரீட்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஒன்று, இரண்டு, நாலு. சிமெண்ட் ஒரு பங்கு, மணல் இரண்டு, ஜல்லி நாலு. யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையில் ரசமட்டத்தை வைத்துக்கொண்டு வேலை நடக்கும் இடத்தில் நின்று அதையே சொல்லிக்கொண்டிருப்பார். ரசமட்டத்தின் கண்ணாடிக் குழலுக்குள் இருக்கும் குமிழி நடுவில் நின்றால் தலையாட்டுவார், நகர்ந்தால் மேஸ்திரியை முறைப்பார். சில சமயம் நகர்ந்தது அவர் கை. சிமெண்டுக்குப் பர்மிட் வாங்க அலைந்தவரும் அவர்தான் என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை. கதவு பிடிக்காதவர் அறைக்கு இவ்வளவு உழைத்தார். மனிதர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சுவர் எழும்பி, நிலைகள் நின்று, மேலே பலகை அடித்துக் கம்பி கட்டியாயிற்று. பலகைகளுக்குப் பூசிய பழைய எஞ்சின் எண்ணெயின் வாசனை வீடு முழுக்க வந்தது. அந்த வாசனை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். சொன்னால் சிரிப்பார்கள்.

தளம் போடப் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்தார்கள். அந்தச் சிறிய அறைக்கு நாலு ஆள் இரும்புத் தகட்டின் மேல் கையால் கலவை போட்டாலே போதும். பெரியப்பா தேனாம்பேட்டையில் நடந்துகொண்டிருந்த ஏதோ பெரிய வேலையிலிருந்து டீசலில் ஓடும் கலவை மிஷின் ஒன்றை வரவழைத்துவிட்டார். அது சந்துக்குள் நுழையாது. தெருவில், சரியாக எதிர்வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதற்கு மாலை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டினார்கள். கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பியதும் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகளெல்லாம் நடுங்கின.

எதிர்வீட்டு மாமா தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அன்று விடுப்பிலோ என்னவோ, வாசலுக்கு வந்து கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தார். மிஷினைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"என்ன சார், ரூம் கட்றீங்களா, டேம் கட்றீங்களா?" என்று பெரியப்பாவிடம் கத்திக் கேட்டார். பெரியப்பாவுக்குக் காதில் விழவில்லை. அத்தை சிரித்துவிட்டாள். மாமாவும் சிரித்துக்கொண்டே நெஞ்சைத் தடவியபடி உள்ளே போனார்.

சித்தாள்கள் சும்மாட்டின் மேல் கலவை நிறைந்த பாண்டுச் சட்டி வைத்து வரிசையாக ஏறி இறங்கினார்கள். ஒரு கோடியிலிருந்து ஆரம்பித்துப் பாதித் தளம் கொட்டியாகிவிட்டது. தன் கூரையைப் பார்ப்பதற்காக அன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்த அத்தை, ஏணியின் மேல்படியில் நின்றுகொண்டிருந்தாள். நான் அவளுக்குக் கீழே இரண்டாவது படியில். அங்கிருந்து மதிலுக்கு மேலாக எதிர்வீட்டு வாசல் தெரியும். எதிர்வீட்டு மாமி வாசற்படியில் வந்து நின்றாள். தலை அவிழ்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. சத்தம் மட்டும் இல்லை. இப்படி வாயைத் திறந்துகொண்டு எதற்கு நிற்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மாமா போய்விட்டார் என்று அத்தைக்குப் புரிந்துவிட்டது. என்னைத் தூக்கிக் கீழே விட்டுவிட்டு, சந்து வழியாகத் தெருவுக்கு ஓடி மிஷின்காரனிடம் போய் நிறுத்தச் சொன்னாள். அவன் பெரியப்பாவைப் பார்த்தான். நல்ல நேரம் பார்த்து ஆரம்பித்த வேலையை நடுவில் நிறுத்தக்கூடாது, துக்கம் விசாரிக்க நாம் போய்க்கொள்ளலாம், மிஷின் பாட்டுக்கு ஓடட்டும் என்றார் பெரியப்பா. அத்தை அவருடைய காதுக்கருகே போய்ச் சொன்னதை, பின்னாலேயே ஓடிவந்த நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"அண்ணா, நம்ம மிஷினுக்கு மேல கத்தி அழ வேண்டியிருக்கு அவங்களுக்கு. நிறுத்தச் சொல்லுங்க."

அவர் நிறுத்தச் சொல்லவில்லை. அத்தையே மிஷின்காரனிடம் திரும்பிக் கையைக் காட்டினாள். எஞ்சின் இருமி நின்றது. அதன்பிறகுதான் தெருவுக்கே அழுகை கேட்டது.

தெருவில் பிணம் கிடக்க இனி வேலை எப்படி நடக்கும்? மேஸ்திரிக்கு அதில் கவலை ஒன்றும் இல்லை. ஆட்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, பீடி பற்ற வைத்துக்கொண்டார்.

"இன்னாத்துக்கு நைனா டென்சன் ஆவுற? சாவு எடுக்கட்டும். அப்பால ஊத்திக்கலாம். கான்கிரீட்டு எயிந்து ஓடியா பூடும்?"

ஓடாது. இறுகும். பாதியில் நிறுத்தினால் நிறுத்திய விளிம்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, கூட்டி நனைத்து, சிமெண்ட் பால் ஊற்றி, அதன் பிறகுதான் புதுக் கலவையைப் போட வேண்டும். இந்த வாக்கியத்தை நான் என் உத்தியோகத்தில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேனோ தெரியாது. அன்று அங்கே இருந்தவர்களில் யாருக்கும் தெரியாது. மேஸ்திரிக்கும் தெரியாது, ஒன்று-இரண்டு-நாலு பெரியப்பாவுக்கும் தெரியாது.

பாடை போக வழிவிட வேண்டி மிஷினை எல்லோருமாகச் சேர்ந்து தள்ளி ஓரமாக நிறுத்தினார்கள். பெரியப்பாவும் தோள் கொடுத்துத் தள்ளினார். அதையும் சொல்லிவிட வேண்டும். மாலையில் எல்லாம் முடிந்ததும், குறித்த நாளுக்குள் தளம் முடிந்தாக வேண்டும் என்று அவசரப்படுத்தி, இறுகிப்போன பாதியின் விளிம்பிலேயே மீதியைக் கொட்டி மட்டம் தட்டினார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அடுத்து வந்த நாள்கள்தான் அந்தப் பருவத்தில் எனக்கு மிகவும் பிடித்தவை. தளத்தின் மேல் களிமண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்க வேண்டும், தண்ணி காட்டுவது என்பார்கள். கான்கிரீட் காயக் கூடாது, குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையை அத்தை வேறு யாரிடமும் விடவில்லை. பள்ளிக்கூடம் போவதற்கு முன் கிணற்றில் இறைத்துக் குடம் குடமாக மேலே கொண்டுபோய் ஊற்றினாள். நான் சொம்பில் எடுத்துப் போனேன். மேலே சின்னச் சின்னக் குளங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு ஆகாயம். தட்டான்கள் வந்து வாலால் தொட்டுவிட்டுப் போகும். ஈர சிமெண்டின் வாசனை, வெயில் ஏறியதும் களிமண் வாசனையாக மாறும். அத்தை ஒரு குளத்தைக் காட்டி, இதுக்கு நேர் கீழேதான் என் கட்டில் என்பாள். இன்னொன்றைக் காட்டி மேசை என்பாள். சிவந்துபோன உள்ளங்கையை என்னிடம் நீட்டிக் காட்டினாள், ஏதோ பரிசு வாங்கியவள் மாதிரி.

பலகையைப் பிரித்த அன்று அவளும் நானும் உள்ளே போய் நின்றோம். பேசினால் குரல் திரும்பி வந்தது. அத்தை, சந்துப் பக்க நிலைக்கு அருகே போய், இன்னும் வராத கதவை இழுத்துச் சாத்துவதுபோல் கையை அசைத்து, இல்லாத தாழ்ப்பாளைப் போட்டாள். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டாள்.

மழை முந்திக்கொண்டது. தளத்தின் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இடித்துப் போட்டு, அதன் மேல் தட்டையான ஓடு பதிக்க வேண்டும். அதற்கு முன்பே மேஸ்திரி தி. நகரில் ஒரு வேலைக்குப் போய்விட்டார், பொங்கல் கழித்து வருவதாகச் சொல்லி அனுப்பினார். முதல் பெருமழையில் கூரையின் நடுவில் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரைக்கும் ஈரமாக ஒரு கோடு தெரிந்தது. கோட்டின் நெடுக முத்து முத்தாகத் தண்ணீர் கோத்துக்கொண்டு நின்று, ஒவ்வொன்றாக விழுந்தது.

எல்லோரும் குடையோடு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். பெரியப்பா வெகுநேரம் பார்த்தார்.

"சாவு விழுந்த அன்னைக்குப் போட்ட தளம். அதான் அழுவுது."

அம்மா தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இதுக்குள்ள எப்படி ஒருத்தி தனியாகப் படுப்பாள் என்றாள். அப்பா கையில் அன்று பேப்பர்கூட இல்லை, இருந்தாலும் ஒன்றும் சொல்லவில்லை. ஓடு பதித்துப் பார்க்கலாம் என்று அத்தை சொன்னாள். ஒருமுறைதான் சொன்னாள். பதிலுக்குப் பெரியப்பா, பாதியில் நிறுத்தியது யார் என்று கேட்டார். 

பொங்கல் வந்தது, போயிற்று. மேஸ்திரியை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை. சந்துப் பக்க நிலையைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். கொல்லைப் பக்கம் மட்டும் ஒரு கதவு போட்டு, விறகும் அண்டாக்களும் உடைந்த நாற்காலிகளும் உள்ளே போயின. கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டியிருந்தது. வீட்டிலேயே புதிதாக ஒன்று இருக்கிறதே என்று யாருக்கோ ஞாபகம் வந்து, அத்தையின் பித்தளைத் தாழ்ப்பாளைப் பொருத்தினார்கள். சாமான் வைக்கும் அறை என்பதால் வெளிப்பக்கம்.

கல்லூரியில் கட்டுமானப் பாடத்தில், பாதியில் நிறுத்திய கான்கிரீட்டைப் பற்றிய அத்தியாயம் வந்த அன்று, நூலகத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்தேன். அத்தை நடையில் உட்கார்ந்து தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அந்த ஒழுகல் எதனால் என்று விளக்கினேன். பழையதும் புதியதும் சேர்ந்த இணைப்பில் பள்ளமாகக் காடியெடுத்து, சிமெண்டால் அடைத்து மேலே ஓடு பதித்திருந்தால் இரண்டு நாளில் நின்றிருக்கும், ஓடு பதிக்காத தளம் சாவு விழாத நாளில் போட்டிருந்தாலும் ஒழுகத்தான் செய்யும் என்றேன். என் வாழ்நாளிலேயே நான் இவ்வளவு தெளிவாக ஓர் அறிக்கை கொடுத்ததில்லை.

அத்தை சிவப்புப் பேனாவை மூடினாள்.

"ஓடு போட்டா நிக்கும்னு உங்க பெரியப்பாவுக்குத் தெரியாதுன்னா நினைக்கற? கூரை ஒழுகினதுல அவங்களுக்கு ஒரு நிம்மதி. விடு. கதவு வேணாம்னு வாயால சொல்ல முடியாம இருந்தாங்க, பாவம்."

அந்தப் 'பாவம்' எனக்கு அன்று கோபம் மூட்டியது. இப்போது பெரியப்பாவின் அன்றைய வயதைத் தாண்டிவிட்டேன். அவர் பொல்லாதவர் இல்லை என்று தெரிகிறது. அவர் பயந்தது, அத்தை எந்த வழியாக எப்போது வருகிறாள் என்று தெரியாமல் போய்விடுமே என்றுதான். அதை அவர் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் எல்லோரும் அப்படியே நினைத்தோம்.

எதிர்வீட்டு மாமி தன் கடைசிக் காலத்தில் ஒருமுறை என்னிடம் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் போன அன்னைக்கு யார் வந்தார்கள், என்ன நடந்தது என்று எதுவும் நினைவில்லை, அந்த மிஷின் நின்றது மட்டும் நினைவிருக்கிறது என்றாள். நான் வந்து அத்தையிடம் சொன்னேன். அத்தை தலையசைத்தாள். அவ்வளவுதான்.

போன மாதம் அந்த வீட்டை இடித்தோம். அடுக்கு மாடி வரப்போகிறது. பெரியப்பாவின் மக்கள் வெளிநாட்டில் இருப்பதால் மேற்பார்வை என் தலையில். மின் இணைப்பைத் துண்டிக்க, குடிநீர் இணைப்பை அடைக்க, இடிக்க அனுமதி வாங்க என்று ஒன்று விடாமல் முறைப்படி செய்தேன். செய்யாத வேலையில்லை. பழைய வீடு ஒரே காலையில் விழுந்தது. தேக்கு உத்தரமும் சுண்ணாம்பும்தானே. பகலில் கொல்லை அறைக்கு வந்தார்கள். கூரையில் அந்தக் கோடு பழுப்பாக அப்படியே இருந்தது. இடிக்கும் இயந்திரத்தின் உளி அதில் பட்டால் தளம் அந்தக் கோட்டோடு பிளந்து விழும் என்று எதிர்பார்த்தேன். பிளக்கவில்லை. உளி குத்தக் குத்தப் பொடிதான் பறந்தது. சாயங்காலம் வரைக்கும் ஒரு மூலை மட்டுமே போயிருந்தது. இயந்திரம் ஓட்டிய பையன் இறங்கி வந்து தண்ணீர் குடித்தான்.

"இன்னாமா தளம் இது? பெரிய வூடு மடமடன்னு விய்ந்துச்சு. இது அசைய மாட்டேங்குது. தண்ணி நல்லா காட்டிக்கிறாங்க. யாரு இருந்தாங்க இந்த ரூம்ல?"

யாரும் இருக்கவில்லை என்றேன்.

"சும்மாவா வச்சிக்கினு இருந்தீங்க?" என்றான். பதிலுக்கு நிற்காமல் திரும்பப் போய் ஏறிக்கொண்டான்.

அத்தை இப்போது அடையாற்றில் என்னோடு இருக்கிறாள். அவளுக்கென்று ஓர் அறை கொடுத்திருக்கிறேன். கதவுக்கு உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள். வந்த நாளிலிருந்து அவள் அதைப் போட்டதில்லை, கதவைச் சாத்தியதும் இல்லை. இரவில் தண்ணீர் எடுக்க அந்த வழியாகப் போனால், என் காலடி கேட்டு, தூக்கத்திலேயே காலை மடக்கிக்கொள்கிறாள். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு முழு அறை இடம் இருக்கிறது.

இடிக்கத் தொடங்கிய அன்று மாலை வீட்டுக்கு வந்ததும், தளம் உடையவில்லை, நாளைக்கும் வேலை இருக்கிறது, அவ்வளவு கெட்டி என்று அவளிடம் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அத்தை கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"எதிர்வீட்ல சொன்னியா? சத்தம் ஜாஸ்தியா இருக்குமே. உள்ள யாராச்சும் உடம்பு சரியில்லாம இருந்தா?"

எல்லா அனுமதியும் வாங்கியிருந்தேன். எதிர்வீட்டில் சொல்ல வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

மறுநாள் காலை இயந்திரத்தைக் கிளப்புவதற்கு முன்னால் போய், எதிர்வீட்டு மணியை அழுத்திவிட்டுக் காத்திருந்தேன்.